பேராதனைக்குப் போகாத அந்தப் பெண்

வாசகி கேட்கிறார்:

"மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து எழுதுகிறேன். வயது 56. 1990ஆம் ஆண்டு எனக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்துக்கு அனுமதி கிடைத்தது. கடிதம் வந்து சில வாரங்களில், ஜூன் மாதம், சண்டை தொடங்கிவிட்டது. 'இந்த நேரத்தில பொம்புளப் புள்ளய அனுப்ப ஏலாது' என்று அப்பா சொன்னார். அதற்கு மேல் பேச்சு இருக்கவில்லை. அதே வருடம் அண்ணனை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக, எனக்குச் சீதனமாக வரவேண்டிய இரண்டு ஏக்கர் வயலை விற்றார்கள். இரண்டு வருடங்களில் எனக்குத் திருமணம் நடந்தது. கணவர் நல்லவர். மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்னால் கட்டிய இரண்டு அறைகளில் நாங்கள் இருக்கிறோம். கடைசி மகளுக்குப் பேராதனை கிடைத்தது. விடுதியில் விடப் போனபோது, அவளுடைய அறையில் யன்னலோரம் கிடந்த மேசைக்கு முன்னால் ஒரு நிமிடம் இருந்தேன். 'அம்மா, எழும்புங்க, பஸ் போயிரும்' என்று அவள் கூப்பிடும்வரை எழும்ப மனம் வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் 1990இலிருந்து என் வாழ்க்கையை வேறாக வாழ்ந்து பார்க்கிறேன். இது என் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் செய்யும் துரோகமா? இல்லாவிட்டால் எனக்கு ஏதும் நோய் வருத்தமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு பக்கங்களில் நீங்கள் எழுதியதை, உங்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி, மேலே சுருக்கித் தந்திருக்கிறேன். சுருக்கியதில் விடுபட்ட சில வரிகளில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது என்பதால், அவற்றை இடையிடையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், நீங்கள் பயந்து கேட்டதற்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். இது துரோகம் இல்லை. உங்களைத் தேற்றுவதற்காக இப்படிச் சொல்லவில்லை. நீங்களே எழுதியதை வைத்துச் சொல்கிறேன். மூன்றாம் பக்கத்தில், "படிப்பு முடிகிறது, விவசாயப் போதனாசிரியர் வேலை கிடைக்கிறது, மோட்டார் சைக்கிளில் வாய்க்கால் கட்டால் போகிறேன், கல்யாணம் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிடுகிறேன், அதற்கு மேலே போனால் பிள்ளைகள் வேறு பிள்ளைகளாகிவிடுவார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கும் தெரியாத, யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத, எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு கற்பனைக்குள்கூட அந்த மூன்று பேரையும் இல்லாமற் செய்வதற்கு உங்கள் மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு இரவும் அந்த இடம்வரை வந்து திரும்பிவிடுகிறீர்கள். உங்கள் கணவரும் பிள்ளைகளும் இந்த வரியை வாசித்தால் அவர்கள் மனம் நோவதற்கு இதில் எதுவும் இல்லை.

இப்படி நினைப்பவர் நீங்கள் ஒருவர் மட்டும் என்றும் எண்ண வேண்டாம். தோமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இரு உளவியலாளர்கள் 1990களின் நடுப்பகுதியில் வெளியிட்ட ஆய்வுகள், மனிதர் கிட்டிய காலத்தில் தாம் செய்துவிட்டதை நினைத்தே அதிகம் வருந்துகிறார்கள் என்றும், வாழ்க்கையை நீண்ட தூரம் திரும்பிப் பார்க்கும்போது செய்யாமல் விட்டதை நினைத்தே அதிகம் வருந்துகிறார்கள் என்றும் காட்டின. செய்த பிழைக்கு ஒரு எல்லை உண்டு. அதன் விளைவு தெரியும், அதைத் திருத்தலாம், மன்னிப்புக் கேட்கலாம், காலம் போகப்போக அதோடு வாழப் பழகிவிடலாம். போகாத பாதைக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது, ஒவ்வொரு வருடமும் அதில் ஒரு நல்ல நாளைக் கூட்டிக்கொண்டே போகலாம். 2005ஆம் ஆண்டில் நீல் ரோஸ், ஏமி சமர்வில் என்ற இருவர் அமெரிக்கர்களின் மனவருத்தங்களைப் பற்றிய முந்தைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, எல்லாவற்றுக்கும் மேலாக முதலிடத்தில் நின்றது கல்வி. அது அவர்களுடைய நாட்டின் கதை என்றாலும், ஐம்பதைத் தாண்டிய எங்கள் பெண்கள் என் முன்னால் வந்திருந்து, முதலில் முழங்கால் வலியையும் மருமகனையும் பற்றிச் சொல்லி முடித்த பின்னர் குரலைத் தாழ்த்திச் சொல்வதும் பெரும்பாலும் அதையேதான்.

உங்களுக்கு அது இவ்வளவு கூர்மையாக உறுத்துவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. நான் உளவளத்துணையாளராக இந்த மாவட்டத்தில் வேலை தொடங்கியது 2005இல், சுனாமியாகக் கடல் வந்துபோன சில மாதங்களில். நாவலடியிலும் கல்லடியிலும் திருச்செந்தூரிலும் உறவுகளைப் பறிகொடுத்தவர்களிடம் அந்த நாட்களில் நான் மிக அதிகமாகக் கேட்ட வாக்கியம், "அஞ்சு நிமிசம் முந்திப் புறப்பட்டிருந்தா" என்பது. ஒரு மணித்தியாலம் முந்தி என்று யாரும் சொல்லவில்லை. அப்போது எனக்கு அதன் காரணம் விளங்கவில்லை. டானியல் கானமனும் ஏமோஸ் ட்வேர்ஸ்கியும் 1982இல் எழுதியதைப் பிற்பாடு வாசித்தபோதுதான் விளங்கியது. இரண்டு பேர் விமானத்தைத் தவறவிடுகிறார்கள். ஒருவருடைய விமானம் 30 நிமிடத்துக்கு முன்னர் போய்விட்டது, மற்றவருடையது தாமதமாகி 5 நிமிடத்துக்கு முன்னர்தான் போனது. யாருக்கு மனம் அதிகம் நோகும் என்று கேட்டதற்கு, ஏறத்தாழ எல்லோருமே இரண்டாமவரைக் காட்டினார்கள். இழப்பு இருவருக்கும் ஒன்றுதான், கைக்கு எட்டியது மட்டும் ஒருவருக்கு. உங்கள் வகுப்பில் பரீட்சையில் சித்தியடையாத தோழிகளும் பேராதனைக்குப் போகவில்லை, ஆனால் அவர்கள் இரவில் இப்படி விழித்திருக்கமாட்டார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கடிதம் உங்கள் கையில் இருந்தது. அதை நீங்கள் 2007ஆம் ஆண்டு இடம்பெயர்வுவரை, 17 வருடங்கள், சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தீர்கள். அந்தக் கடிதம் எங்கே தொலைந்தது என்பதைக் கூட, எந்தப் பாடசாலை முகாமில், எந்தப் பையில் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இனி அந்த இரண்டாவது வாழ்க்கையைச் சற்று உன்னிப்பாகப் பார்ப்போம். நீங்கள் எழுதியதைப் பலமுறை வாசித்தேன். அதில் 1990 ஜூன் மாதம் இல்லை. பஸ் செங்கலடியையும் மகா ஓயாவையும் மகியங்கனையையும் தாண்டி, பதினெட்டு வளைவில் ஏறி, தடையில்லாமல் போய்ச் சேர்கிறது. தெற்கின் கிளர்ச்சியால் நீண்ட காலம் மூடிக்கிடந்து மீண்டும் திறந்திருந்த பல்கலைக்கழகங்களில் அந்நாட்களில் இருந்த பதற்றம் அதில் இல்லை. மகளாகிய நீங்கள் இல்லாமல் உங்கள் அம்மா யாரோடு எந்த ஊருக்கு ஓடினார் என்பது இல்லை. எங்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகமே அந்த மாதங்களில் பல்லாயிரம் சனங்கள் அடைந்துகிடந்த அகதி முகாமாக மாறியிருந்த காலம் அது. மனம் கற்பனை செய்யும்போது ஒன்றை மட்டும் மாற்றும், மற்ற எல்லாவற்றையும் தனக்கு வசதியாக அப்படியே விட்டுவிடும், அது எல்லோருடைய மனத்துக்கும் உள்ள இயல்பு. அதோடு, அந்தப் பஸ்ஸில் நீங்கள் ஏற்றி அனுப்புவது 21 வயதுப் பெண்ணையும் இல்லை. சண்டை எப்போது முடியும், எந்தப் பாதை எப்போது திறக்கும் என்று தெரிந்த 56 வயதுப் பெண்ணை ஏற்றி அனுப்புகிறீர்கள். நடந்து முடிந்ததைத் தெரிந்துகொண்ட பிறகு, அது முன்னரே தெரிந்திருக்க வேண்டியதுதானே என்று மனிதர் நினைத்துவிடுவதை 1975இல் பரூச் ஃபிஷோஃப் என்பவர் சோதனைகள் மூலம் காட்டினார். உங்கள் அப்பாவின் தீர்ப்பையும், அதற்குப் பணிந்த உங்களையும் நீங்கள் இரவில் விசாரிப்பது அந்த அறிவை வைத்துக்கொண்டுதான்.

இதைச் சொல்லிவிட்டு, "அப்பா செய்தது சரி, ஆகவே மனதை ஆற்றிக்கொள்ளுங்கள்" என்று முடிக்க எனக்கு விருப்பமில்லை. ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. அதே வருடம், அதே அப்பா, அண்ணனை அனுப்பினார். இளம் ஆண்பிள்ளைகளுக்கு அப்போதிருந்த ஆபத்து உண்மையானது, அண்ணனை அனுப்பியதைப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அதற்காக விற்கப்பட்டது உங்கள் வயல். பெண்வழியாக வீடும் காணியும் இறங்கும் எங்கள் பகுதியில் அந்த இரண்டு ஏக்கர் என்ன பெறும் என்பதை வெளியூர் வாசகருக்கு விளக்க வேண்டியிருக்கும், உங்களுக்கும் எனக்கும் அது தேவையில்லை. ஒரு பெண்ணிடமிருந்து படிப்பும் காணியும் ஒரே வருடத்தில் போயின, இரண்டைப் பற்றியும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. இது மனப்பிரமை இல்லை, உங்களுக்கு நடந்த அநியாயம். அப்பாவின் பயம் உண்மையானது என்பதும், உங்களுக்கு அநியாயம் நடந்தது என்பதும் ஒன்றையொன்று அழிக்கமாட்டா. இத்தனை வருடங்களாக, முதலாவதைச் சொல்லிச் சொல்லியே இரண்டாவதை எல்லோரும் மூடிவைத்திருக்கிறார்கள், நீங்களும் சேர்ந்து.

"தலையெழுத்து" என்று உங்கள் சின்னம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அன்போடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தச் சொல், அழுதுகொண்டிருப்பவரின் வாயைப் பொத்துகின்ற சொல். அதைக் கேட்ட பின்னர் ஒருவர் மேலே எதையும் சொல்ல முடியாது. "அதான் மகளுக்குக் கிடைச்சிட்டே" என்று அயலவர்கள் சொல்வது இன்னும் சிக்கலானது. மகளுக்குக் கிடைத்தது மகளுடையது. அவர் தன் உழைப்பால், தன் புள்ளிகளால் பெற்றது. உங்களிடமிருந்து போனதற்கு நட்டஈடாக வந்ததில்லை. அப்படி எண்ணத் தொடங்கினால், உங்கள் துயரத்துக்கும் இடமில்லாமற் போகும், அவருடைய வெற்றிக்கும் இடமில்லாமற் போகும். பல்கலைக்கழகத்தில் அவர் ஒரு பாடத்தில் தவறிவிட்டால், அல்லது இந்தத் துறை தனக்கு வேண்டாம் என்று ஒரு நாள் சொன்னால், அப்போது தோற்பது யார் என்ற குழப்பம் வரும். உங்கள் கதையை அவருக்குச் சொல்லுங்கள், ஆனால் கடனாக அவர் தலையில் வைக்காதீர்கள்.

உங்கள் கற்பனையில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. பட்டமளிப்பு விழா. மோட்டார் சைக்கிளுக்கு ஒரு வரி கொடுத்த நீங்கள், இதற்குப் பதினொரு வரி கொடுத்திருக்கிறீர்கள். அப்பா வந்திருக்கிறார். வெள்ளை வேட்டி, நஷனல் சட்டை, தோளில் மடித்த சால்வை. உங்கள் பெயர் வாசிக்கப்படும்போது பக்கத்திலிருப்பவரிடம் குனிந்து ஏதோ சொல்கிறார்; என்ன சொல்கிறார் என்று உங்களுக்குக் கேட்கவில்லை. இதை எழுதியபோது நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது: போக விடமாட்டேன் என்று சொன்ன மனிதரை, 1996இல் காலமாகிவிட்டவரை, உங்கள் இரண்டாவது வாழ்க்கையில் முன்வரிசையில் கொண்டுவந்து இருத்தியிருக்கிறீர்கள். அவரை மீறிப் போன ஒரு பெண்ணை நீங்கள் கற்பனை செய்யவில்லை. "போயிட்டு வா, மகள்" என்று சொன்ன ஓர் அப்பாவைத்தான் கற்பனை செய்திருக்கிறீர்கள். பட்டத்தைவிட அதுவே உங்களுக்கு அதிகம் வேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இதை நான் தவறாக வாசித்திருந்தால் எழுதுங்கள்.

ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் விரதம் பிடித்து, மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போய் வருவதாகவும், அப்பாவுக்காக நீராடும் அதே நேரத்தில் மனதுக்குள் அவரோடு கோபப்படுவது பாவம் என்று நினைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கோபம் இருப்பதால்தான் உறவு இன்னும் உயிரோடு இருக்கிறது. தந்தையை நினைப்பதற்கென்றே எங்கள் வழக்கம் ஒரு நாளை ஒதுக்கி வைத்திருக்கிறது; அந்த நாளில் அவருக்கு நன்றியை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அடுத்த ஆடி அமாவாசைக்கு முன்னர் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். "அப்பா, அந்தக் கடிதம் வந்த அன்று" என்று தொடங்கி, வயல் விற்றது வரைக்கும், எதையும் மறைக்காமல், மரியாதைக்காக எதையும் மெழுகாமல் எழுதுங்கள். அதற்குப் பிறகு, மனம் ஒப்பினால், அவர் உங்களுக்கு எழுதும் பதிலை இன்னொரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டாவது கடிதத்தை எழுத முடியாமல் ஒரு வருடம் போனாலும் அவசரமில்லை.

அடுத்தது மேசை. சுருக்கத்தில் ஒரே வரியில் போன அந்த மேசைக்கு உங்கள் கடிதத்தில் அரைப் பக்கம் இருக்கிறது. முன்னர் அந்த அறையில் இருந்த யாரோ ஒரு மாணவி கொம்பாசு முனையால் கீறிய கோடுகள். வலது மூலையில் தேத்தண்ணிக் கோப்பை வைத்து வைத்து விழுந்த வட்டம். லாச்சிக்குள் ஒட்டியிருந்த பழைய நேரசூசியின் துண்டு. யன்னலுக்கு வெளியே பெயர் தெரியாத ஒரு மரம். விரிவுரை மண்டபத்தைப் பற்றியோ, ஆய்வுகூடத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. உங்களை எழும்ப விடாமல் பிடித்து வைத்தது அந்த மேசைதான். அதே கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், வேறு ஏதோ சொல்ல வந்த இடத்தில், ஊர்க் கமக்காரர் அமைப்பின் கணக்கை நீங்கள்தான் எழுதுகிறீர்கள் என்றும், "அது பெரிய காரியமில்லை, தையல் மெசினுக்கு மேலே கொப்பியை வைத்து எழுதுவேன், தைக்க வேண்டி வந்தால் எடுத்துவிடுவேன்" என்றும் சொல்லியிருக்கிறீர்கள். போன பெரும்போகத்தில் பக்கத்து வயற்காரர் பசளையை அளவுக்கு மேலே போட்டதைப் பார்த்து, அறக்கொட்டிப் பூச்சி வரும் என்று முதலில் எச்சரித்ததும் நீங்கள்தான். அதற்குப் பிறகு இரண்டு மூன்று பேர் உங்களிடம் வந்து கேட்டுத்தான் யூரியா போடுகிறார்கள். சகோதரி, வாய்க்கால் கட்டால் மோட்டார் சைக்கிளில் போகும் அந்தப் போதனாசிரியர் செய்யக்கூடிய வேலையில் ஒரு பங்கு இது. சம்பளமும் பதவியும் இல்லாமல், தையல் மெசினின் மூடியில் வைத்து நீங்கள் அதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். பெரிய காரியமில்லை என்ற வார்த்தையை நான் ஏற்கவில்லை.

ஆகவே என்னுடைய முதல் ஆலோசனை, உங்களுக்கென்று ஒரு மேசை வாங்குங்கள் என்பது. இது உவமையாகச் சொன்னதில்லை, உண்மையான மேசை. மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் பின்னுக்குப் போவது எங்கள் வழமை, அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் பின்னுக்குப் போகும்போது தாயிடம் மிஞ்சுவது ஒரு கட்டிலும் குசினியும் மட்டும்தான் என்பதை அநேக வீடுகளில் பார்க்கிறேன். இரண்டு அறைகளில் ஒன்றின் யன்னலோரம் மூன்றடிக்கு இரண்டடி இடம் இருந்தால் போதும். லாச்சி ஒன்று இருக்கட்டும், அதற்குப் பூட்டு இருக்கட்டும். அதன்மேல் தைத்த துணியோ மருந்துப் பெட்டியோ பேரப்பிள்ளையின் விளையாட்டுச் சாமானோ ஏறக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

அந்த மேசையில் செய்ய வேண்டிய வேலை ஒன்று தருகிறேன். ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்து, இரவில் நினைப்பதைப் பகலில் எழுதுங்கள். மாலை நான்கு மணிக்கு அரை மணித்தியாலம், அதற்கு மேலே வேண்டாம். 1990 ஜூனிலிருந்து, ஆண்டு ஆண்டாக, ஆண்டுக்கு ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ. ஒரு நிபந்தனை உண்டு: ஒன்றை மாற்றினால் அதனோடு சேர்ந்து மாறுபவற்றையும் எழுத வேண்டும். மொழி விளங்காத முதல் கிழமையை எழுதுங்கள். பாதை மூடியதால் வீட்டுக்கு வர முடியாமற் போன விடுமுறையை, ஊரிலிருந்து செய்தி வராத மாதங்களை, அம்மா உங்களை விட்டு இடம்பெயர்ந்த நாளை எழுதுங்கள். அதே போல, நூலகத்தில் தனியே இருந்த ஒரு மாலையை, ஒரு தோழியை, முதல் சம்பளத்தையும் எழுதுங்கள், அவற்றையும் ஒளிக்க வேண்டாம். திருமணம் என்ற இடத்தில் வழக்கம்போல நின்றுவிடலாம். அதைத் தாண்டச் சொல்லி உங்களை நான் கேட்கமாட்டேன். இரவில் அந்த நினைவு வந்தால், "நாளைக்கு நாலு மணிக்கு" என்று சொல்லி ஒத்திவையுங்கள். முதல் சில நாட்கள் கேட்காது, பிறகு கேட்கும்.

எதற்காக இந்த வேலை என்று கேட்பீர்கள். லோரா கிங், ஜோசுவா ஹிக்ஸ் என்ற ஆய்வாளர்கள், தாங்கள் ஆக நினைத்து ஆகாமற்போன ஆளைப் பற்றி மனிதர் எழுதியதை நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். அந்த ஆளைப் பற்றி விரிவாகவும் மனம் திறந்தும் எழுதக்கூடியவர்களிடம் ஆளுமை முதிர்ச்சி கூடுதலாகத் தெரிந்தது. அதே ஆளை இன்னும் ஓயாமல் நினைத்துக்கொண்டிருப்பவர்களிடம் மகிழ்ச்சி குறைவாகத் தெரிந்தது. நேருக்கு நேர் பார்ப்பதும், இருட்டில் சுற்றிச் சுற்றி வருவதும் வேறு வேறு காரியங்கள். கொப்பி முடிந்த பிறகு அதை ஒரு தடவை முழுவதும் வாசியுங்கள். சில விடயங்கள் போயேவிட்டன என்பது அப்போது தெரியும்: 21 வயது, விடுதித் தோழிகள், அரசாங்க வேலை, அப்பா. அவை இனி வரமாட்டா, அதற்காக அழுதால் அது பலவீனம் இல்லை. 1990இல் அழ நேரமில்லாமல் ஓடியவர்கள் நாங்கள். வேறு சில இன்னும் மிஞ்சியிருப்பதும் தெரியும். முன்னர் சொன்ன ரோசும் சமர்வில்லும் தந்த விளக்கம் இங்கேதான் உதவுகிறது: கதவு முற்றாக மூடிய இடத்தில் மனம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிடும், சற்றே திறந்திருப்பதாகத் தோன்றும் இடத்தில்தான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும். உங்கள் மனம் போய் நிற்கும் கதவைத் தள்ளிப் பாருங்கள். தொழிலும் குடும்பமும் உள்ளவர்களுக்கு வாய்ப்பளிக்கவென்று 1980இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பிலேயே பிராந்திய நிலையம் இருக்கிறது; அங்கே சென்று உங்களுக்குப் பொருத்தமான கற்கைநெறி உண்டா என்று விசாரிக்கலாம். ஆனால் கொப்பி முடிவதற்கு முன்னர் எதற்கும் விண்ணப்பிக்க வேண்டாம். உங்களுக்கு இப்போது வேண்டியது பட்டமா, பயிரைப் பற்றி ஒழுங்காகப் படிப்பதா, அமைப்பின் கணக்கோடு ஊருக்குப் பயிர் ஆலோசனையும் சொல்வதா என்பதை இரவு நேரத்து ஏக்கம் தீர்மானிக்கக்கூடாது.

நோய் வருத்தமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இப்படி நினைப்பது நோய் இல்லை. கடைசிப் பிள்ளையும் வீட்டை விட்டுப் போகும் காலத்தில் அநேகருக்கு இது வரும். ஆனால் நீங்கள் நித்திரையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். இரண்டு கிழமைகளுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியில், மனம் சோர்ந்தோ எதிலும் பிடிப்பில்லாமலோ இருக்கிறதா? விடியப்புறம் மூன்று மணிக்கே விழித்து அதற்குப் பிறகு நித்திரை வராமல் இருக்கிறீர்களா? சாப்பாடு இறங்குவதில்லையா? கணக்கு எழுதும்போது முன்னர் இல்லாத தடுமாற்றம் வருகிறதா? வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் ஒரு தடவையாவது வந்ததா? இவற்றில் சில இருந்தால், கொப்பியும் மேசையும் காத்திருக்கட்டும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு, அல்லது பக்கத்து ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். தைரொயிட் சுரப்பியின் குறைபாடும் இதே போலச் சோர்வைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். கடைசியாகச் சொன்ன எண்ணம் எந்த நேரத்தில் வந்தாலும், 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கணவரிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை, இரவு நேரக் கற்பனை உங்களுடையது. ஆனால் 1990இல் கடிதம் வந்ததும், அதைச் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்ததும், 2007இல் அது தொலைந்ததும், இத்தனை வருடங்களில் அவருக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவையும் சொல்லுங்கள். மேசை எதற்கு என்று அவர் கேட்கும் நாள் அதற்கு நல்ல நாள். அவர் முதலில், "இப்ப என்னத்துக்கு அந்தக் கதை" என்று சொல்லக்கூடும், எங்கள் ஆண்கள் பயந்துபோனால் அப்படித்தான் சொல்வார்கள். அவர் பயப்படுவது, நீங்கள் தன்னைக் கட்டியதற்காக வருந்துகிறீர்களோ என்றுதான் இருக்கும். கற்பனையில் திருமணம் என்ற இடத்தில் நீங்கள் ஏன் நின்றுவிடுகிறீர்கள் என்ற அந்த ஒரு வரியை மட்டும் அவரிடம் சொல்லலாம்.

பின்குறிப்பில் ஒன்று கேட்டிருந்தீர்கள்: விடுதியில் ஏன் அப்படி இருந்துவிட்டீர்கள் என்று மகள் தொலைபேசியில் இரண்டு தடவை கேட்டுவிட்டார், கால் நோவு என்று சொல்லிச் சமாளித்துவிட்டீர்கள், இனிக் கேட்டால் என்ன சொல்வது என்று. அவர் நம்பவில்லை, அதனால்தான் இரண்டாம் தடவையும் கேட்டிருக்கிறார். மூன்றாம் தடவை கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். "எனக்கும் இப்பிடி ஒரு மேசை கிடைச்சிருந்தது, மகள், 1990இல" என்று சொல்லுங்கள். அதற்கு மேலே நீங்களாக எதையும் விளக்கத் தேவையில்லை. அவர் ஏதாவது கேட்பார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் உளவளத்துணையாளர்